தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

கண்ணாடியில் அவள் முகம் பாதிதான் தெரிகிறது. மீதியைக் கூரைக் கம்பி மறைக்கிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினால் முழுசும் தெரியும், ஆனால் பின்னால் வருகிற வண்டி தெரியாது. ரெண்டில் ஒன்றுதான். வண்டி எக்கேடும் கெடட்டும், இவள் தெரிந்தால் போதும் என்று போன வாரம் திருப்பி வைத்தேன். மினிபஸ்காரன் ஒருத்தன் காதுக்குள் வந்து ஹாரன் அடித்தான். பழையபடி வைத்துவிட்டேன். பாதி முகம் போதும். நாற்பத்தேழு வருஷமாகப் பார்க்கிற முகம், பாதியை வைத்து மீதியைச் சொல்ல எனக்குத் தெரியும். செல்வக்கனி. என் வீட்டுக்காரி. பின்சீட்டில் மடியில் மஞ்சப்பையை வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருக்கிறாள், வெளியூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தவள் மாதிரி. பைக்குள் ஒரு சேலை, ஒரு சீப்பு, ஒரு டம்ளர். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு எடுத்து வைப்பாள். "நேரமாச்சு, நான் வீட்டுக்குப் போவணும், எங்க வீட்ல தேடுவாவ" என்பாள். அவள் நிற்கிற வீடுதான் அவள் வீடு. நாங்கள் ரெண்டு பேரும் செங்கல் சுமந்து கட்டினது. சொன்னால் புரியாது. சொல்லிப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், வாசலை மறித்து நின்று பார்த்தேன். எனக்குப் பொறுமை கிடையாது, தூத்துக்குடியில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு நாள் கடுப்பில், சரி ஏறுட்டி, கொண்டுபோய் விடுகிறேன் என்று ஆட்டோவில் ஏற்றினேன். போல்பேட்டையில் எடுத்து, ரெண்டாம் கேட் தாண்டி, மட்டக்கடை, பீச் ரோடு, ஒரு சுற்று. திரும்பி வந்து அதே வாசலில் நிறுத்தினேன். இறங்கினாள். வீட்டை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆங், வந்தாச்சு" என்றாள். உள்ளே போய் விளக்கைப் போட்டாள். அவ்வளவுதான். டாக்டர் மாத்திரை செய்யாததை வண்டி செய்தது. எட்டு மாசமாகிறது. தினமும் அவளை வீட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறேன்.

இன்றைக்கு வண்டியில் ஒரு கதவு இருக்கிறது. நேற்று பட்டறையில் போட்டது. இடுப்பு உயரம், குழாய்ச் சட்டம், நடுவில் தகரம், மஞ்சள் பெயின்ட். கீலுக்குப் பதில் ரெண்டு கொண்டியில் தொங்குகிறது. தாழ்ப்பாள் வெளியே. வெளியே என்றால் வெளியேதான், அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். பீச் ரோட்டுப் பள்ளங்களில் தகரம் கடகடவென்று அடிக்கிறது, நாளைக்கு ரப்பர் வைக்கணும். நாற்பது வருஷமாக இந்த மூணு சக்கரத்தை ஓட்டுகிறேன், நாலு வண்டி மாற்றியாகிவிட்டது, ஒன்றிலும் செய்தவன் கதவு வைத்துக் கொடுக்கவில்லை. வலப்பக்கம் குறுக்கே கம்பி. இடப்பக்கம் ஒன்றுமில்லை, காற்று. உட்காருகிறவன் பிடித்துக்கொள்வான் என்று ஒரு நம்பிக்கை. கை இருக்கிறதே, போதாதா என்று எவனோ மேஜையில் உட்கார்ந்து கோடு போட்டிருக்கிறான். தூங்கி விழுகிறவன் கை, குடித்தவன் கை, பிள்ளைத்தாய்ச்சி கை, பிடிக்கணும் என்பதே மறந்துபோனவள் கை, இதெல்லாம் அவன் கோட்டில் வரவில்லை. கதவு வைத்தால் எடை, விலை, ஏற இறங்க நேரம். எல்லாருக்கும் அவசரம். எனக்கும் அவசரம்தான், அதனால் நானும் அவனை இத்தனை நாள் ஏசினதில்லை. கோயம்புத்தூரில் மகள் ராசகனி வைத்திருக்கிற சின்னக் காரில் நாலு கதவு. பின்கதவின் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு பித்தான். அதைத் தட்டிவிட்டால் உள்ளேயிருந்து திறக்காது. சின்னப் பிள்ளைகளுக்காம். போன பொங்கலுக்கு மகள் அதைத் தட்டிவிட்டு அம்மாவை உட்கார வைத்தாள். ஜவுளிக்கடை வாசலில் நின்றதும் இவள் பிடியை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கதவு தொறக்கக்கூட மறந்துபோச்சு பாத்தீயளா." குறை கதவில்தான் கனி, உன்னிடம் இல்லை என்று நான் சொல்லியிருக்கணும். சொல்லவில்லை. மகள் முகத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சிரிப்பு. போகட்டும். முன்னால் ஒருத்தன் சைகை காட்டாமல் திரும்புகிறான், பன்னாடை.

"டிரைவரே" என்கிறாள். ம் என்கிறேன். "போல்பேட்டைக்குத்தான போறீய அண்ணாச்சி?" ஆமா என்கிறேன். "மெயின் ரோட்ல போவாதீய, மழைத்தண்ணி நிக்கும்." மழை பெய்து மூணு மாசம் ஆகிறது. சரிம்மா என்கிறேன். வண்டி ஓட்டுகிற முதுகு அவளுக்கு டிரைவர். இறங்கி முகத்தைக் காட்டினால் சில நாள் "ஏங்க" என்பாள், சில நாள் அப்போதும் அண்ணாச்சிதான். நான் திருத்துவதில்லை. மரியாதையாகத்தானே பேசுகிறாள். என்னிடம் இவ்வளவு மரியாதையாக அவள் கல்யாணமான புதுசில்கூடப் பேசினதில்லை. கை எங்கே? கை பையின் மேல் இருக்கிறது. கதவுப் பக்கம் போகவில்லை. போன வியாழக்கிழமை கை இல்லை, கால். மட்டக்கடை வளைவில் காய்கறி வண்டிக்காக மெதுவாக்கினேன். மெதுவானால் அவளுக்கு வீடு வந்துவிட்ட மாதிரி. கண்ணாடியில் சேலைக் கரை வெளியே பறந்தது. பச்சைக் கரை. அவ்வளவுதான் பார்த்தேன். பிரேக்கை மிதித்தேன், திரும்பிப் பார்த்தால் ஒரு கால் வெளியே, ரோட்டிலிருந்து அரை அடி உயரத்தில், தண்ணிக்குள் விடலாமா என்று பார்க்கிற பிள்ளையின் கால் மாதிரி நிற்கிறது. பின்னால் வந்த உப்பு லாரிக்காரன் வண்டியை ஒடித்து நிறுத்தி என் அம்மாவைப் பற்றிப் பேசினான். பேசட்டும். செருப்பு மட்டும் விழுந்திருந்தது. நாற்பது அடி பின்னால் போய் எடுத்து வந்து காலில் போட்டேன். குனிந்திருந்த என் தலையைத் தொட்டு, "பாவம், வயசான மனுசன்" என்றாள். எழுபத்திரண்டு ஆகிறது, இல்லை என்று சொல்ல முடியாது.  

அதற்கு மறுநாள் துண்டால் கட்டினேன். ஒரு நாள். ஒரே நாள். இடுப்பைச் சுற்றி சீட்டுக்குப் பின்னால் கம்பியில் முடிச்சு. இறுக்கவில்லை, ரெண்டு விரல் போகும். அவள் எதிர்க்கவில்லை. முடிச்சு எங்கே இருக்கிறது என்று கையால் தேடினாள், பின்னால் எட்டவில்லை, விட்டுவிட்டாள்.  இறக்கி விடும்போது சேலையில் துண்டின் கோடு பதிந்திருந்தது, அதைத் தடவித் தடவி நேராக்கினாள். துண்டைக் கிணற்றடியில் எறிந்துவிட்டேன். மகளிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஒண்ணு கதவு போடுங்கப்பா, இல்ல ஆட்டோவ வித்துட்டு அம்மாவ இங்க கூட்டிட்டு வாங்க. விழுந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீங்க தாங்குவீங்களா?" என்றாள். கோயம்புத்தூர்ப் பேச்சு வந்துவிட்டது அவளுக்கு. அங்கே நாலாவது மாடி. அங்கே ஐந்து மணிக்கு இவள் பையை எடுத்துக்கொண்டு நின்றால் லிஃப்டில் ஏற்றி இறக்கவா? வைக்கிறேன் என்று போனை வைத்தேன். நல்ல வார்த்தை நாலு சொல்லியிருக்கலாம், பிள்ளை அழுதிருப்பாள். ராத்திரி பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன், ராத்திரியும் பேசவில்லை. நேற்று காலையில் பட்டறைக்குப் போனேன். வெல்டர் தனுஷ்கோடி கேட்டான், "தாப்பா உள்ளயா வெளியவா அண்ணாச்சி?" வெளியே என்றேன். உடனே சொன்னேன். கேள்வியை முடிக்கவிடாமல் சொன்னேன். அவன் கதவைச் சாய்த்து வைத்துத் துளை போடும்போது வெளியே போய் டீ குடித்தேன், அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டாம் என்று. அந்தத் துளையை நான் ஒரு தரம் என் கையாலேயே போட்டிருக்கிறேன்.

யோசிக்க வேண்டாம் என்றால் மனசு கேட்கிறதா, இழவு. இருபத்துநாலு வருஷம். அப்போது ஸ்கூல் சவாரி ஓட்டினேன். காலையில் ஒன்பது பிள்ளை, சாயங்காலம் ஒன்பது பிள்ளை. பின்சீட்டில் அஞ்சு, என் முதுகுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பலகை போட்டு அதில் நாலு. பை எல்லாம் கம்பியில் மாட்டித் தொங்கும். எல்லாரும் அப்படித்தான் ஓட்டினார்கள். எல்லாரும் பலகை போட்டார்கள், பிள்ளை விழாமல் இருக்க எல்லாரும் அரைக்கதவு வைத்தார்கள், எல்லாரும் தாழ்ப்பாளை வெளியே போட்டார்கள். உள்ளே போட்டால் பிள்ளைகள் விளையாட்டுக்குத் திறந்துவிடும். பெற்றவர்கள் வந்து கதவை ஆட்டிப் பார்த்து, "நல்லா கெட்டியா இருக்கு அண்ணாச்சி" என்று சந்தோஷமாகப் போவார்கள். கெட்டியாகத்தான் இருந்தது. ஐப்பசி மாசம், உப்பளம் ஓரமாகப் போகிற ரோடு, முந்தின நாள் மழையில் கரை இளகியிருக்கிறது, எதிரே டேங்கர். ஒதுங்கினேன். இடது பின்சக்கரம் இறங்கியது. வேகம் ஒன்றுமில்லை, நடக்கிற வேகம். மூணு சக்கரத்துக்கு அது போதும். மாடு படுக்கிற மாதிரி வண்டி இடப்பக்கமாக மெதுவாகப் படுத்தது, வாய்க்காலுக்குள். முழங்கால் அளவு உப்புத்தண்ணி. நான் முன்பக்கமாக வெளியே வந்துவிட்டேன். வந்த பிறகுதான் புரிந்தது. கதவு அடியில். தாழ்ப்பாள் சேற்றுக்குள். மேலே பார்க்கிற வலப்பக்கம் பூராவும் கம்பி, வெல்டு வைத்தது, தலை போகாது. முன்பக்கம் வழியாக இழுக்கலாம் என்றால் பலகையும் பையும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே ஒன்பது பிள்ளை ஒன்றின் மேல் ஒன்று, உப்பு கண்ணில் பட்டு அலறுகிறது. பலகைக்கும் கூரைக்கும் நடுவே கையை விட்டு ரெண்டு பேரை உருவினேன். மூணாவது பிள்ளைக்குத் தோள் மாட்டியது. சேற்றுக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினேன், விரலில் தட்டுப்படுகிறது, நகரவில்லை, வண்டியின் பாரம் முழுக்க அதன் மேல். அளத்தில் கூடை சுமந்த பொம்பிளையாட்கள் ஓடி வந்தார்கள். பதினஞ்சு பேர் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினோம். ஒன்பதும் உயிரோடு வந்தது. ஒரு பயலுக்குப் பல் போனது, ஒருத்திக்கு மணிக்கட்டு. அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எல்லாரும் சொன்னார்கள், தெய்வம் காப்பாற்றியது என்றார்கள். தெய்வத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. விரலில் தட்டுப்பட்டது நான் போட்ட தாழ்ப்பாள்.

அன்றைக்கு சாயங்காலம் ஒன்பது பையையும் வீட்டில் கொண்டுவந்து போட்டேன். செல்வக்கனி வாங்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். பைகளை நல்ல தண்ணியில் மூணு தடவை அலசினாள். நோட்டுகளை முற்றத்தில் கொடி கட்டிக் காயப்போட்டாள், பிறகு பக்கம் பக்கமாக இஸ்திரி போட்டாள். ஒவ்வொரு பக்கமாக. ரெண்டு நாள். கையெழுத்து கலங்கின இடத்தில் அழுத்தாமல், சுற்றி மட்டும். முக்கால்வாசி முடித்த பிறகு தலையைத் தூக்காமல் சொன்னாள், "தாப்பாள உள்ள போட்டிருக்கலாம்லா." நான், "உள்ள போட்டா பிள்ளைய தொறந்திரும்லா" என்றேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "அதுவுஞ் சரிதான்" என்றாள். சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், இல்லை தோற்றிருப்பேன், முடிந்திருக்கும். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள். இன்றுவரைக்கும் முடியவில்லை. கதவைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டேன், ஸ்கூல் சவாரியை விட்டேன். அது பதில் இல்லை. திறந்து கிடந்தால் விழும், அடைத்தால் மாட்டும். உள்ளே, வெளியே. உள்ளேயும் வேண்டும், ஆனால் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. தெரியாவிட்டால் வாய்க்காலில் எப்படித் திறக்கும்? உயரத்தில் வைக்கலாம். உயரத்தில் வைத்தால் வண்டி சாய்ந்த பிறகு உயரம் எது? யோசனை இந்த இடத்தில் வந்து நிற்கும். இருபத்துநாலு வருஷமாக இதே இடத்தில் வந்து நிற்கும். நேற்று தனுஷ்கோடி கேட்டபோது நிற்கவே இல்லை, வெளியே என்று வாய் சொல்லிவிட்டது. பயந்த வாய்.

திரும்பி வரும்போது ரெண்டாம் ரயில்வே கேட் அடைத்திருக்கிறான். சரியாக இப்போதுதான் அடைப்பான். எனக்கு முன்னால் ஒரு தண்ணி லாரி, சுற்றிலும் பைக், ஸ்கூட்டர், சந்து கிடைத்த இடத்தில் எல்லாம் முன்சக்கரத்தை நுழைத்துக்கொண்டு. இஞ்சினை அணைத்தேன். இடது கைப்பக்கம் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு. கஸ்பார் அங்கேதான் நிற்கிறான், தண்டவாளத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு. அறுபது வயசாகிறது, வாய்க்கு இன்னும் இருபது. "என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் ஜோடியா பீச்சா? எங்க வீட்டுக்காரி பாத்தா என்னயப் போட்டு உலுக்குவா, துரைப்பழம் அண்ணாச்சியப் பாரு, நீயும் இருக்கியேன்னு." போவே உன் சோலியப் பாத்துக்கிட்டு என்கிறேன். ஸ்டாண்டில் எவனுக்கும் சொல்லவில்லை. காற்று வாங்கக் கூட்டிப்போகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். கிழட்டுச் சரசம் என்று சிரிக்கட்டும். அதைத் தாங்கலாம். அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுவதைத்தான் தாங்க முடியாது. கண்ணாடி. கை பையின் மேல் இல்லை. கை தகரத்தின் மேல். மெதுவாக, விளிம்பை ஒட்டி, மேலிருந்து கீழே. மூலையில் நிற்கிறது, திரும்புகிறது, கீழ் விளிம்பு. அரிசியில் கல் தேடுகிற கை அது, எனக்குத் தெரியும். அவசரம் இல்லாமல் தேடும், இருந்தால் கிடைக்கும் என்று தேடும். கனி, அங்கே ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் நான் ஒன்றும் வைக்கவில்லை. வண்டி நின்றிருக்கிறது, அதனால் வந்துவிட்டது என்று நினைக்கிறாள், இறங்கணும். ரயில் தூரத்தில் ஊதுகிறது. கூப்பாடு போடுவாள் என்று நினைக்கிறேன். போட்டால் நல்லது, போட்டால் நானும் ரெண்டு கத்து கத்தி, ரெண்டு பேரும் பழையபடி ஆகிவிடுவோம். போடவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள், ஒரு மூலையில், சின்னதாக. கண்ணாடியில் இப்போது முழு முகமும் தெரிகிறது, அவ்வளவு சின்னதாக ஆகிவிட்டாள்.

"அண்ணாச்சி" என்கிறாள். குரல் மெல்ல வருகிறது, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி. "நான் என்ன தப்பு செஞ்சேன்?" நான் திரும்பவில்லை. ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "தொறந்து விடுங்க அண்ணாச்சி. நான் எங்கயும் ஓடிர மாட்டேன்." ரயில் வருகிறது, சரக்கு ரயில், ஒவ்வொரு பெட்டியாகத் தட்டுகிறது, தரை அதிர்கிறது, தகரம் அதிர்கிறது. நான் எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. ஸ்கூட்டர்காரன் ஒருத்தனைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிட்டேன். தாழ்ப்பாளைப் பிடித்து இழுக்கிறேன். வரவில்லை. நேற்று அடித்த பெயின்ட், தண்டும் வளையமும் சேர்ந்து ஒட்டிக் காய்ந்திருக்கிறது. வீட்டில் எப்படித் தள்ளினேன், வீட்டில் தள்ளும்போது இளக்கமாக இருந்தது, வெயிலில் இறுகிவிட்டது. இழுக்கிறேன். நகம் பிய்கிறது. நிமிர்ந்து நிற்கிற வண்டி, காய்ந்த ரோடு, நல்ல வெளிச்சம், சேறு இல்லை, பாரம் இல்லை, அப்போதும் வரவில்லை. இவள் தகரத்துக்கு மேலே என் கையைப் பார்க்கிறாள், முகத்தைப் பார்க்கவில்லை. "மெதுவா, மெதுவா, கையில ரத்தம்" என்கிறாள். வண்டி கவிழ்ந்திருந்தால், நானும் அடியில் கிடந்திருந்தால், இவள் உள்ளே இருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பாள். செருப்பைக் கழற்றி அதன் குதியால் அடித்தேன். ஒன்று, ரெண்டு, மூன்று. மஞ்சள் தெறித்தது. தண்டு நகர்ந்தது. கதவு திறந்து என் தொடையில் வந்து இடித்தது.

"என்ன அண்ணாச்சி, மதினிய உள்ள வச்சுப் பூட்டிட்டீயளோ" என்று சிரித்துக்கொண்டே வந்த கஸ்பார் என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான். அவள் இறங்கவில்லை. திறந்ததே போதும் போல, காலைக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், பையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு. நான் சொன்னேன். எட்டு மாசமாகச் சொல்லாததைச் சொல்ல நாலு வார்த்தைதான் ஆனது. "அவளுக்கு ஞாபகம் இல்ல வே." கஸ்பார் தோளில் கிடந்த துணியை எடுத்து என் விரலில் சுற்றினான். சுற்றிக்கொண்டே, "தெரியும்" என்றான். என்னது என்றேன். "தெரியும் அண்ணாச்சி. ஸ்டாண்டுக்கே தெரியும். மூணு மாசத்துக்கு மின்ன நீங்க மருந்துக்கடைக்குப் போன நேரம் மதினி என் வண்டில ஏறி உக்காந்துட்டாவ. எங்க அம்மா வீட்டுக்கு விடுன்னாவ. அவுக அம்மா போயி முப்பது வருசம் இருக்கும்லா. நான் ரெண்டு தெரு சுத்தி உங்க வாசல்ல எறக்கி விட்டேன். தேங்காமுட்டாய் ஒண்ணு குடுத்தாவ." நீ ஏம்வே சொல்லல என்றேன். "நீங்க ஏன் சொல்லல?" ரயில் போய்க்கொண்டே இருக்கிறது, எத்தனை பெட்டியோ. "அப்ப தெனமும் ஜோடி ஜோடின்னு என்ன கேலி வே அது?" கஸ்பார் முடிச்சைப் பல்லால் இறுக்கினான். "கேலி பண்ணுனா ஏசுவீய. நீங்க ஏசுனா, சரி, மனுசன் இன்னைக்கு நல்லாத்தான் இருக்காருன்னு போயிருவோம். ஏசாத அன்னைக்குத்தான் நம்ம ஸ்டாண்டு மரியான் உங்க பின்னாலயே ஓட்டிட்டு வருவான், பீச் வரைக்கும்." கண்ணாடியில் நான் அவளை மட்டுமே பார்த்து, பின்னால் வருகிற வண்டியைப் பார்க்காத நாட்கள் அவை. எனக்கு ஏசத்தான் வந்தது. வாயைத் திறந்தேன், ஏச்சு வரவில்லை. குனிந்து கதவை ரெண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். கொண்டியிலிருந்து கழன்று வந்தது, நல்ல கனம். ஸ்டாண்டுச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்தினேன். தாழ்ப்பாள் உள்ளே போட வேண்டுமா, வெளியே போட வேண்டுமா, எனக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் மாட்டுவேன். சட்டைப்பையில் சாவி. எடுத்து கஸ்பாரிடம் நீட்டினேன். "வண்டிய எடு." அவன் சாவியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "யாரு, நானா? உங்க வண்டியையா? போன வருசம் கண்ணாடியத் தொட்டதுக்கு அடிக்க வந்தீயளே." எடுன்னு சொல்லுதேம்ல என்றேன்.

பின்னால் ஏறினேன். அவளை நகர்த்தி வலப்பக்கம் கம்பியோரம் உட்கார வைத்து, இடது ஓரத்தில் நான். நாற்பது வருஷத்தில் என் வண்டியில் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. முதல் வண்டி வாங்கின அன்றைக்குக்கூட உட்கார்ந்து பார்க்கத் தோன்றவில்லை. கேட் தூக்கினார்கள். எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில். கஸ்பார் கிளட்சை விட்டான், அவனுக்கு என் வண்டியின் கிளட்ச் பழக்கமில்லை, துள்ளி எடுத்தான். தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது சீட்டு என்னை வெளியே தள்ளியது. பிடிக்க மேலே கை போகிறது, கம்பி நான் நினைத்த இடத்தில் இல்லை, ஒரு சாண் தள்ளி இருக்கிறது. ரோடு என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. இவ்வளவு பக்கமா? முன்னால் இருந்து பார்த்தால் ரோடு நம்மைப் பார்த்து வரும், நாம் சொன்னபடி கேட்கும். இங்கே அது யாரையும் கேட்காமல் பக்கவாட்டில் உருவிக்கொண்டு போகிறது, கல்லும் மண்ணும் கோடு கோடாக. எத்தனை ஆயிரம் பேர் இந்த ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, பையை இடுக்கிக்கொண்டு, என் முதுகைப் பார்த்துக்கொண்டு. ஒருத்தர்கூடப் பயமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? கம்பியப் பிடிச்சுக்க என்று சொல்லியிருப்பேன்.  காலை ஊன்றி அமுக்குகிறேன். கஸ்பார் முன்னாலிருந்து திரும்பாமல் பேசிக்கொண்டே வருகிறான். "அஞ்சு மணிக்குத்தான அண்ணாச்சி கெளம்புவீய? நாளைக்கு எனக்குக் கோயில்ல மீட்டிங் இருக்கு, மரியான் வருவான். அவன் வாய் நாறும், அத மட்டும் பொறுத்துக்கிடணும்."  வளைவு வருகிறது, வெளிப்பக்கமாக இழுக்கும், எனக்குத் தெரியும், தெரிந்தும் சீட்டின் விளிம்பை நகத்தால் பிடிக்கிறேன், பிய்ந்த நகம் வலிக்கிறது. அப்போது விலாவில் ஒரு கை. சட்டையைப் பிடித்து, ஒரு சுற்று சுற்றி, முஷ்டிக்குள் இறுக்கிக்கொள்கிறது. மஞ்சப்பை கீழே விழுந்துவிட்டது, அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை. "டிரைவரே" என்கிறாள் கஸ்பாரைப் பார்த்து, நல்ல சத்தமாக. "வளைவுல மெதுவா போங்க. எங்க வீட்டுக்காரவுகளுக்குப் பின்னால உக்காந்து பழக்கமில்ல." கஸ்பார் வேகத்தைக் குறைத்தான். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் அவள் சட்டையை விடவில்லை.